நாகப்பட்டினக் கடற்போர் (1746)

ஆனந்தரங்கப்பிள்ளை நாட்குறிப்பின் 1746ஆம் ஆண்டுப் பகுதியைப் பயில்வோர் அவ்வாண்டு சூலை 6இல் நிகழ்ந்த நாகப்பட்டினக் கடற்போரை அறிந்திருத்தல் இன்றியமையாதது. லபூர்தொனேயின் பிரெஞ்சுக் கலங்கள் எண்ணிக்கையில் மிக்கவை. எனினும் பெரும்பாலானவை பீரங்கி பொருத்திய வணிகக் கப்பல்களே. பெய்டன் நடத்திய ஆங்கிலக் கப்பல்களோ முறையான போர்க்கலங்கள். மாலையில் மூண்ட பீரங்கிச் சண்டை இருள் சூழ ஓய்ந்தது. இரு தரப்பிலும் கப்பல் எதுவும் பிடிபடவில்லை. இதுகொண்டு இதனை வெற்றி தோல்வியற்ற போர் என்பர். அது பொருந்துமாறில்லை. மறுநாள் 'மெட்வே' கப்பலின் நீர்க்கசிவைக் காரணங்காட்டிப் பெய்டன் திருகோணமலைக்கு விலகினார். லபூர்தொனே தடையின்றிப் புதுச்சேரியை அடைந்தார். ஆகஸ்டில் மீண்டும் தோன்றிய ஆங்கிலப்படை, அப்போதும் பொருதாது வங்காளம் நோக்கிச் சென்றது. கடற்காவல் நீங்கிய சென்னை செப்டம்பரில் பிரெஞ்சுக்காரர் வசமாயிற்று. 1749இல்தான் ஆங்கிலேயர் அதனை உடன்படிக்கையால் மீளப் பெற்றனர்.