பாமாயிம் நெகுடோட்டாயிம்

பாமாயிம் நெகுடோட்டாயிம் என்பது பி.எச்.பி. நிரல்மொழியில் இரட்டை முக்காற்புள்ளிக்கு (::) இடப்பட்ட பெயர் ஆகும். ஒரு வகுப்பின் மாறிலி போன்றவற்றை வகுப்பின் பெயரைக் கொண்டு அழைக்க இக்குறி பயன்படுகிறது. எபிரேய மொழிப் பெயரான இது, பல ஆண்டுகள் பிழைச்செய்திகளில் தோன்றி, நிரல் எழுதக் கற்போரைத் திகைக்க வைத்தது.

பெயர் வந்த வழி

பி.எச்.பி.யை ராஸ்மஸ் லெர்டோர்ஃப் 1994இல் உருவாக்கத் தொடங்கினார். 1997இல் இசுரேலைச் சேர்ந்த ஆண்டி குட்மன்ஸ், சீவ் சுராஸ்கி ஆகிய இருவரும் அதன் பாகுபடுத்தியைப் புதிதாக எழுத முற்பட்டனர். அதன் பயனாக 1998 சூனில் பி.எச்.பி. 3 வெளியானது. அப்போது இக்குறிக்கு எபிரேயத்திலேயே பெயரிட்டனர். ‘பாமாயிம்’ என்றால் இருமுறை. ‘நெகுடோட்டாயிம்’ என்றால் முக்காற்புள்ளி.

பிழைச்செய்தியில் நுழைந்த விதம்

நிரல் முதலில் சொற்கூறுகளாகப் பிரிக்கப்படுகிறது. கூறுகளுக்கு உட்பெயர்கள் உண்டு. அடுத்து வரும் கூறு இலக்கணத்துக்குப் பொருந்தாவிட்டால், எதிர்பாராமல் வந்தது எது, எதிர்பார்த்தது எது என்று பாகுபடுத்தி அறிவிக்கும். பி.எச்.பி.யின் பாகுபடுத்தியை ஆக்கப் பயன்படும் பைசன் என்னும் கருவி, அச்செய்தியில் உட்பெயரை அப்படியே காட்டியது. உருவாக்கியவர்கள் தம் வசதிக்கு வைத்த பெயர் பயனரின் திரைக்கு வந்தது இவ்வாறுதான்.

பி.எச்.பி. 5 காலத்தில் மாணவர் ஒருவர் இஸ்செட் என்பதன் அடைப்புக்குறிக்குள் மாறியின் பெயருக்கு முன் டாலர் குறியை இட மறந்தால், ‘டி_பாமாயிம்_நெகுடோட்டாயிம் எதிர்பார்க்கப்பட்டது’ என்ற பொருளில் செய்தி வரும். டாலர் குறி இல்லாததால் பாகுபடுத்தி அதை ஒரு வகுப்பின் பெயராகக் கொண்டு, அடுத்து :: வரும் எனக் காத்திருந்தது. இலக்கணப்படி செய்தி சரியே. ஆனால் விடுபட்ட டாலர் குறியைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை.

மாற்றம்

2012இல் வந்த பி.எச்.பி. 5.4 உட்பெயருடன் :: குறியையும் சேர்த்துக் காட்டியது. 2020 நவம்பரில் வந்த பி.எச்.பி. 8 முதல் செய்தியில் குறி மட்டுமே இடம்பெறுகிறது. உட்பெயர் மொழியின் உள்ளே இன்றும் உள்ளது.

செய்தியைப் படிக்கும் முறை

செய்தி சுட்டும் வரி, பாகுபடுத்தி மேலே செல்ல முடியாமல் நின்ற இடமாகும். பிழை அதற்கு முன்பே நிகழ்ந்திருக்கலாம். நான்காம் வரியின் இறுதியில் அரைப்புள்ளி விடுபட்டால், பெரும்பாலும் ஐந்தாம் வரியின் முதற்கூறே ‘எதிர்பாராதது’ எனக் காட்டப்படும். எனவே சுட்டிய வரியில் குறை தென்படாதபோது, முந்தைய வரியையும் பார்க்க வேண்டும்.