பென்சீன் வளையத்தில் ஒரு பங்காளிச் சண்டை

கல்லூரியில் கரிம வேதியியல் படிச்சவங்களுக்கு இந்த மனப்பாடம் ஞாபகம் இருக்கும். பென்சீன் வளையத்தில் ஏற்கெனவே மீத்தைலோ ஹைட்ராக்சியோ உட்கார்ந்திருந்தா, அடுத்து வர்ற ஆள் ஆர்த்தோ, பாராவுக்குப் போவார். நைட்ரோ இருந்தா மெட்டாவுக்கு. நானும் உருப்போட்டுத்தான் பாஸ் பண்ணினேன். இதுக்குப் பின்னாடி ஒரு பங்காளிச் சண்டையே நடந்திருக்குன்னு ரொம்ப வருஷம் கழிச்சுத்தான் தெரிஞ்சது.

எது எங்கே அனுப்பும் என்பது பழைய சங்கதி. 1892லேயே கிரம் பிரௌனும் கிப்சனும் விதி எழுதிவிட்டார்கள். ஏன் என்பதைத்தான் யாராலும் திருப்தியாகச் சொல்ல முடியவில்லை.

1920களில் மான்செஸ்டரில் ராபர்ட் ராபின்சனும் ஆர்தர் லாப்வொர்த்தும் எலக்ட்ரானை வைத்து விளக்கினார்கள். மெத்தாக்சியில் உள்ள ஆக்சிஜன் தன் எலக்ட்ரான் ஜோடியை வளையத்துக்குள் தள்ளும். அது போய்ச் சேருவது ஆர்த்தோ, பாரா இடங்களில். எலக்ட்ரான் தேடி வருகிறவர் வேறெங்கே போவார்? நைட்ரோ நேர் எதிர், இழுத்துக்கொள்ளும் ஜாதி. வளையம் முழுக்கக் காய்ந்து போகும், மெட்டா மட்டும் கொஞ்சம் தேவலை. எலக்ட்ரான் நகர்வைக் காட்டும் வளைந்த அம்புக்குறி 1922ல் கெர்மாக்கும் ராபின்சனும் எழுதிய கட்டுரையில் வந்தது. (பரீட்சையில் நான் தப்பாப் போட்ட அம்புக்கெல்லாம் அவங்கதான் பொறுப்பு :-))

லீட்ஸில் இருந்த கிறிஸ்டோபர் இங்கோல்டு முதலில் இதை ஒத்துக்கொள்ளவில்லை. ப்ளூர்ஷைமின் பழைய கொள்கைப் பக்கம் நின்று மல்லுக்கட்டினார். 1926 வாக்கில் எலக்ட்ரான் கட்சிக்கு மாறினார். மாறினவர் சும்மா இருக்கலை. டொலுயீன் பென்சீனைவிட 20 மடங்குக்கும் மேல் வேகமாக நைட்ரோ ஏற்கிறது என்று அளந்தே காட்டினார். 1934ல் எல்லாத்தையும் தொகுத்து ஒரு நீண்ட கட்டுரை, அதில் புதுப் பெயர்கள். லாப்வொர்த் அனியனாய்டு, கேட்டியனாய்டு என்றதை இவர் நியூக்ளியோபைல், எலக்ட்ரோபைல் என்றார். நம்ம பாடப்புத்தகத்து 'எலக்ட்ரான் கவர் பொருள்' அதிலிருந்து வந்ததுதான்.

சரக்கு எங்களோடது, லேபிள் மட்டும் அவரோடது என்பது ராபின்சனின் ஆற்றாமை. 1947ல் அவருக்கு நோபல் பரிசே கிடைத்தது, ஆனால் தாவரப் பொருட்கள் ஆய்வுக்கு. இங்கோல்டுக்குக் கடைசிவரை நோபல் இல்லை. ராபின்சன் 1975ல் போய்ச் சேரும்வரை அந்தப் புண் ஆறவே இல்லை.

என்னைக் கேட்டால் அம்பு ராபின்சனுடையது, அளவுகோல் இங்கோல்டுடையது. எங்க வகுப்பில் மூணு வருஷத்தில் ரெண்டு பேர் பெயரும் ஒருதடவைகூட அடிபட்டதில்லை.