ஒரு மாவு ஆலைக்காரரின் கேள்விகள்

வரலாறு என்றவுடன் நம் நினைவுக்கு வருவோர் மன்னர்களும் படைத்தலைவர்களும் பேரறிஞர்களுமே. குருமடத்தில் நாம் பயின்ற திருச்சபை வரலாறும் பொதுச்சங்கங்கள், திருத்தந்தையர், தப்பறைகள் என்ற வரிசையிலேயே அமைந்திருந்தது. தப்பறைகளைக் கற்றோம், அவற்றைச் சொன்ன மனிதர்களைக் கற்கவில்லை. அந்தப் பாடங்களில் ஒரு மாவு ஆலைக்காரருக்கு இடமிருக்கவில்லை. அவரை நாம் அறிந்துகொண்டது பல ஆண்டுகளுக்குப் பின்னரே. அறிந்த நாளிலிருந்து அவர் நம்மை விட்டபாடில்லை.

இத்தாலியின் வடகிழக்கு மூலையில், மலையடிவாரத்தில் உள்ள பிரியூலி நாட்டில், மொந்தெரயாலே என்னும் சிற்றூரில் 1532இல் பிறந்தவர் தொமேனிக்கோ ஸ்கந்தெல்லா. ஊரார் அவரை மெனோக்கியோ என்றே அழைத்தனர். மணமானவர், உயிரோடிருந்த பிள்ளைகள் ஏழு பேர், இறந்தவர்கள் நால்வர். மாவு அரைப்பார், மரம் அறுப்பார், தச்சு வேலையும் சுவர் வேலையும் செய்வார். ஆயினும் தம்மை ஆலைக்காரர் என்றே சொல்லிக்கொண்டார். அத்தொழிலுக்குரிய வெள்ளை உடையையே அணிந்தார். எழுத, படிக்க, கணக்குப் பார்க்கத் தெரிந்தவர். ஆதலால் 1581இல் ஊர்த்தலைவராகவும் இருந்தார். பங்குக் கோவிலின் கணக்கு வழக்குகளையும் கவனித்தார். இன்றைய மொழியில் சொல்வதானால் பங்குப் பேரவையில் முன்வரிசையில் அமரக்கூடிய மனிதர்.

1583ஆம் ஆண்டு செப்டம்பர் 28ஆம் நாள் இந்த மனிதர் மீது மறைவிசாரணை மன்றத்தில் புகார் எழுந்தது. புகாருக்குக் காரணமாயிருந்தவர் அவருடைய பங்குத்தந்தையே. இருவருக்கும் ஏற்கெனவே ஆகாது. அவரிடம் பாவசங்கீர்த்தனம் செய்யவும் மெனோக்கியோ மறுத்து வந்தார். 1584 பிப்ரவரியில் கைது, விசாரணை. அவருடைய இளமைத் தோழரான வேறொரு குரு, பணிந்து நடந்துகொள், கேட்டதற்கு மேல் பேசாதே என்று அறிவுரை கூறியிருந்தார். நல்ல அறிவுரைதான். ஆனால் முப்பது ஆண்டுகளாய்த் தன் பேச்சைக் கேட்க ஒருவரைத் தேடிய மனிதரிடம், படித்த துறவியர் எதிரே அமர்ந்து, மேலும் சொல் என்கிறார்கள். எழுத்தர் ஒருவர் ஒவ்வொரு சொல்லையும் எழுதிக்கொள்கிறார். அவரால் எப்படி வாயை மூடிக்கொண்டிருக்க முடியும்? திருத்தந்தையோ மன்னரோ தம் பேச்சைக் கேட்பார்களாயின் சொல்லவேண்டியவை பலவுண்டு, அதன்பின் கொன்றாலும் கவலையில்லை என்று அவர் ஊரில் சொல்லியிருந்ததாகச் சாட்சிகள் கூறினர்.

அவர் சொன்னவற்றுள் உலகப் புகழ் பெற்றுவிட்டது படைப்பைப் பற்றிய அவரது கருத்து. தொடக்கத்தில் மண், காற்று, நீர், நெருப்பு யாவும் கலந்து குழம்பிக் கிடந்தன. பால் திரண்டு பாற்கட்டியாவது போல அந்தக் குழம்பு ஒன்றாய்த் திரண்டது. பாற்கட்டியில் புழுக்கள் தோன்றுவது போல அதில் வானதூதர்கள் தோன்றினர். கடவுளும் அவர்களோடு தோன்றினார் என்றார். இதைக் கேட்டுச் சிரிப்பது எளிது. இறையியல் படித்த நமக்கு இதில் எத்தனை தப்பறைகள் உள்ளன என்று எண்ணிச் சொல்வது அதைவிட எளிது. மரியின் கன்னிமையையும் கிறிஸ்துவின் இறைத்தன்மையையும் அவர் மறுத்தார். திருச்சபையின் விசுவாசம் அதுவன்று, அதில் ஐயமில்லை. ஆனால் பாற்கட்டியோடு நின்றுவிட்டால் அந்த மனிதரைத் தவறவிட்டுவிடுவோம்.

வழக்காடு மன்றங்களில் இலத்தீன் பேசுவது ஏழைகளுக்குச் செய்யும் துரோகம் என்றார் அவர். என்ன பேசப்படுகிறது என்றே புரியாமல் ஏழை நசுக்கப்படுகிறான். நான்கு சொல் சொல்லவேண்டுமானாலும் வழக்கறிஞரைத் தேடவேண்டியிருக்கிறது என்றார். நிலபுலன்கள் எல்லாம் திருச்சபையிடமும் குருக்களிடமும் இருக்கின்றனவே என்று கேட்டார். திருவருட்சாதனங்கள் வாணிபப் பொருள்களாகிவிட்டன என்று கசந்துகொண்டார். இவை எந்த நூலிலும் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியவை அல்ல. ஊர் வழக்குகளில் நின்று பார்த்தவர், கோவில் கணக்கை எழுதியவர், தம் கண்ணால் கண்டதைச் சொன்னார். நம் பெற்றோர் இலத்தீன் பூசை கண்ட தலைமுறையினர். குரு பீடத்தை நோக்கி ஏதோ சொல்ல, அம்மா செபமாலை உருட்டிக்கொண்டிருந்த கதையை வீட்டில் பலமுறை கேட்டிருக்கிறோம். மக்கள் மொழியில் வழிபாடு நடக்கலாம் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பர் 4இல் வழி திறந்தபோது, மெனோக்கியோ விசாரிக்கப்பட்டு ஏறக்குறைய முந்நூற்று எண்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. அவர் கேட்டது நீதிமன்ற மொழியைப் பற்றி. சங்கம் பேசியது வழிபாட்டு மொழியைப் பற்றி. இரண்டையும் ஒன்றாக்கிவிடக் கூடாதுதான். எனினும் புரியாத மொழியின் முன் நின்ற எளியவரின் தவிப்பு ஒன்றே.

அவர் படித்த நூல்கள் ஏறத்தாழப் பதினொன்று. அவற்றுள் பாதிக்கு மேல் இரவல். ஒன்று வெனிஸ் நகரில் இரண்டு காசுக்கு வாங்கியது. ஒன்று ஊர்ப்பெண் ஒருத்தி கொடுத்தது. ஒன்று ஊரின் துணைக்குருவே கொடுத்தது. அச்சு இயந்திரம் வந்து நூறாண்டு கடந்த காலம். குக்கிராமத்திலும் நூல்கள் கைமாறிக்கொண்டிருந்தன. தாய்மொழியில் திருவிவிலியம், புனிதர் வரலாறு, ஒரு பஞ்சாங்கம், ஒரு பயண நூல், ஆகியவை அவற்றுள் அடங்கும். அப்பயண நூல் மண்டவில் என்பவர் பெயரில் வழங்குவது. வெவ்வேறு மக்கள், வெவ்வேறு சமயம், வெவ்வேறு ஒழுக்கம் என்று அதில் படித்தது தம் மனத்தைப் பெரிதும் கலக்கியது என்று அவரே விசாரணையில் கூறினார்.

இங்கே நம்மைப் பெரிதும் வியக்கவைத்த செய்தி ஒன்றுண்டு. அந்தப் பயண நூலில் மபாரோன் என்றொரு நாடு வருகிறது. அங்கே திருத்தூதர் தோமாவின் உடல் கல்லறையில் இருப்பதாகவும், அவ்வூரில் கடவுட்சிலையைத் தேரில் வைத்து இழுக்கும்போது அடியார்கள் சக்கரத்தின் கீழ் விழுந்து உயிர் துறப்பதாகவும் எழுதப்பட்டுள்ளது. மபாரோன் என்பது அரபியர் சோழமண்டலக் கரைக்கு இட்ட மஅபர் என்னும் பெயரின் திரிபு. கல்லறை இருக்கும் ஊர் நம் மயிலாப்பூர் அன்றி வேறில்லை. அந்நூலின் ஆசிரியர் இப்பக்கம் வந்தவரல்லர். கீழை நாடுகளைப் பற்றி அவர் எழுதியவற்றில் பெரும்பகுதி, பதினான்காம் நூற்றாண்டில் உண்மையாகவே இங்கு வந்துபோன பிரான்சிஸ்கன் துறவி ஒதோரிக்கிடமிருந்து எடுத்தாண்டது. அந்த ஒதோரிக் பிறந்தது பொர்தெனோனே நகரை அடுத்து. இறந்தது 1331இல் ஊதினே நகரில். இரண்டும் பிரியூலி நாட்டு ஊர்கள். பொர்தெனோனேயிலிருந்து மெனோக்கியோவின் ஊர் ஒரு நாள் நடைக்குள் அடங்கும். ஆக, பக்கத்து ஊர்த் துறவி நம் கரையில் கண்டு சொன்னது, பலர் கைபட்டு, மொழி மாறி, இரண்டரை நூற்றாண்டு கழித்து அதே மண்ணின் ஆலைக்காரர் கையில் வந்து சேர்ந்திருக்கிறது. அவர் படித்துக் கலங்கிய பல்வேறு மக்களுள் நம் முன்னோரும் இருந்தனர்!

படித்ததை அவர் அப்படியே விழுங்கவில்லை. மாவைப் போலச் சலித்தார். பல்வேறு மக்கள் தத்தம் சமயமே உண்மை என்கிறார்கள். தந்தை ஒருவரே எல்லாரையும் தம் பிள்ளைகளாகக் கொள்கிறார். நான் கிறிஸ்தவனாய்ப் பிறந்தேன், கிறிஸ்தவனாகவே இருக்க விரும்புகிறேன், துருக்கியனாய்ப் பிறந்திருந்தால் துருக்கியனாக இருக்கவே விரும்பியிருப்பேன் என்றார். இவற்றை யார் கற்றுக்கொடுத்தார், கூட்டாளிகள் யார் என்று மன்றத்தார் மீண்டும் மீண்டும் துருவினர். என் மூளையிலிருந்தே எடுத்தேன் என்பதே அவர் விடை. மன்றத்தாருக்கு இது நம்பக்கூடியதாக இல்லை. ஓர் உழைப்பாளி தானே சிந்திப்பான் என்பது அவர்கள் கணக்கில் இல்லை.

இக்காலத்து அறிஞர்களும் இதில் அவ்வளவு வேறுபட்டவர்களாக நமக்குத் தோன்றவில்லை. 1976இல் மெனோக்கியோவைப் பற்றி நூல் எழுதி உலகறியச் செய்தவர் இத்தாலிய வரலாற்றாசிரியர் கார்லோ கின்ஸ்பர்க். அச்சு நூல்களை ஆலைக்காரர் தம் முன்னோரின் வாய்மொழி மரபு என்னும் சல்லடை வழியே படித்தார் என்பது அவர் துணிபு. வேறு சிலர் பழைய தப்பறைக் குழுக்களின் தாக்கத்தைத் தேடினர். இவர்களின் உழைப்பை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயினும் ஒரு பேராசிரியர் புதிதாய் ஒன்று சொன்னால் சிந்தனை என்கிறோம். ஓர் ஆலைக்காரர் சொன்னால் மூலம் எது என்று தேடுகிறோம்.

வழக்கு எப்படி முடிந்தது? 1584 மே மாதம் தண்டனை: பகிரங்கமாய்க் கருத்தைக் கைவிட வேண்டும், சிலுவைக் குறியிட்ட உடை அணியவேண்டும், வாழ்நாள் முழுதும் சிறை, அதற்கான செலவு பிள்ளைகள் தலையில். ஏறக்குறைய இரண்டாண்டு கழித்து, 1586 சனவரியில், மகன் கொடுத்த மன்றாட்டின் பேரில் விடுதலை. ஆனால் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது, அந்த உடையைக் களையவும் கூடாது. ஊரார் அவரை ஒதுக்கவில்லை. 1590இல் கோவில் கணக்கு மீண்டும் அவர் கைக்கே வந்தது. அப்போது பங்குத்தந்தையாய் வந்திருந்தவர் அந்த இளமைத் தோழர்தான். இதைப் படித்தபோது, ஒரு குருவால் வந்த துன்பத்தை வேறொரு குரு சற்றே ஆற்றினார் போலும் என்று ஆறுதல் கொண்டோம். அந்த ஆறுதல் நீடிக்கவில்லை. இசைக்கருவி வாசிக்கும் ஒருவரிடம் மீண்டும் பேசப்போய், அது மன்றத்தின் செவிக்கு எட்டி, 1599இல் மீண்டும் கைது. அப்போது அவருக்கு வயது அறுபத்தேழு. மனைவியும் அந்த மகனும் இறந்துவிட்டிருந்தனர். கூட்டாளிகளின் பெயரைக் கேட்டுக் கயிற்றில் கட்டித் தூக்கினர். வேதனையின் உச்சத்தில் அவர் சொன்ன ஒரே பெயர் ஊர்ப் பிரபுவினுடையது. உடன் பேசிய ஏழைகளில் ஒருவரையும் அவர் காட்டிக்கொடுக்கவில்லை. உள்ளூர் விசாரணையாளர் தயங்கினார். உரோமையிலிருந்து விரைவுபடுத்தி மடல்கள் வந்தன. மரண தண்டனை நிறைவேறியது.

நடந்ததை நாம் மூடி மறைப்பதற்கில்லை. 2000ஆம் ஆண்டு மார்ச் 12இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், உண்மைக்குப் பணிபுரிவதாய் எண்ணித் திருச்சபையின் மக்கள் இழைத்த பாவங்களுக்காகவும் பேதுரு பேராலயத்தில் மன்னிப்பு வேண்டினார். அதற்கு இரண்டாண்டு முன், 1998 சனவரியில், உரோமை விசாரணை மன்றத்தின் ஆவணக்காப்பகம் ஆய்வாளர்களுக்குத் திறக்கப்பட்டது. அதைத் திறக்கக் கோரி 1979இல் திருத்தந்தைக்கு மடல் எழுதியவர் அதே கின்ஸ்பர்க். யூதக் குடும்பத்தில் பிறந்தவர், கடவுள் நம்பிக்கையற்றவர். எளியவர் ஒருவரின் சொற்களை அழிக்க முயன்றவர்களே அவற்றை எழுதியும் வைத்தார்கள் என்பதை எண்ணும்போது நெஞ்சு கனக்கிறது. அதே காலத்தில் நம் முத்துக்குளித்துறையில் பணியாற்றிய அருள்தந்தை என்றிக்கு என்றிக்கஸ் தமிழில் நூல்களை அச்சேற்றிக்கொண்டிருந்தார். 'தம்பிரான் வணக்கம்' வெளிவந்தது 1578இல், 'அடியார் வரலாறு' 1586இல். அவர் எழுதிய மடல்கள் நம்மிடம் உள்ளன. அவர் போதித்ததைக் கேட்டிருந்த பரதவர், வீடு திரும்பித் தங்களுக்குள் என்ன பேசிக்கொண்டார்கள் என்று எழுதிவைக்க அங்கே எழுத்தர் எவரும் அமர்ந்திருக்கவில்லை.

இவ்வளவையும் எழுதக் காரணமான நிகழ்ச்சியையும் சொல்லிவிடுகிறோம். நாம் முன்பு பணியாற்றிய பங்கொன்றில், அன்பியக் கூட்டம் முடிந்து தேநீர் பருகிக்கொண்டிருந்த வேளை. கொத்தனார் ஒருவர் மெல்ல எழுந்து, "சாமி, ஒண்ணு கேக்கணும். வரிபாக்கி வெச்சவன் செத்தா கோவில் மணி அடிக்க மாட்டோம்ங்கிறோம். அந்த மணி ஆண்டவருக்கு அடிக்கிறதா, கணக்கப்பிள்ளைக்கு அடிக்கிறதா?" என்று கேட்டார். பெண்கள் சிலர் சிரித்தனர். நாம் சிரிக்கவில்லை. "அதெல்லாம் நிர்வாகத்தார் பார்த்துக்குவாங்க, நீங்க உக்காருங்க" என்றோம். அவர் உட்கார்ந்தார். திருமுழுக்குப் பெற்ற இறைமக்கள் அனைவருக்கும் விசுவாச உணர்வு உண்டு என்று 1964இல் சங்கம் கூறியதை அதற்கு முந்தைய வாரம்தான் மறையுரையில் விளக்கியிருந்தோம்.

அவர் பள்ளிப்படிப்பை இடையில் விட்டவர். நாம் பத்தாண்டு குருமடத்தில் இருந்தவர்கள். ஆனால் வழிபாடு, சாவு, பணம், ஊர்க்கட்டுப்பாடு ஆகிய நான்கையும் ஒரே கேள்வியில் எடைபோட்டவர் அவரே. அந்த வழக்கத்தை யார் தொடங்கினார் என்று நாமும் பிறகு பழைய நிர்வாகப் பதிவேடுகளைப் புரட்டினோம். ஒருவர் தொடங்க, மற்றவர்கள் மாற்றாமல் விட்ட வழக்கம் அது. அடுத்த ஆண்டு பேரவையில் அதைப் பேச எடுத்தபோது கடும் எதிர்ப்பு எழுந்தது; மூன்று கூட்டங்கள் கழித்தே வழக்கம் நின்றது. முதன்முதலாகப் பாக்கிக்காரர் ஒருவருக்கு மணி அடித்த நாளில் அந்தக் கொத்தனார் கல்லறைத் தோட்டத்தில் குழி பார்த்துக்கொண்டிருந்தார். நாம் அருகில் சென்று நின்றோம். அவர் தலைப்பாகையை அவிழ்த்து, "தோத்திரம் சாமி" என்றார். வேறொன்றும் கேட்கவில்லை. அவர் மீண்டும் கேட்பார் என்று அந்தப் பங்கில் இருந்தவரை காத்திருந்தோம்.