பிங்க் ஃப்ளாய்ட்

பிங்க் ஃப்ளாய்ட், 1965இல் லண்டனில் உருவான பிரிட்டிஷ் ராக் இசைக்குழு. சிட் பாரெட் (கிட்டார், பாட்டு), ரோஜர் வாட்டர்ஸ் (பேஸ் கிட்டார், பாட்டு), ரிச்சர்ட் ரைட் (கீபோர்டு), நிக் மேசன் (டிரம்ஸ்) ஆகிய நால்வரும் தொடங்கிய குழுவில், 1968இல் டேவிட் கில்மோர் (கிட்டார், பாட்டு) சேர்ந்தார். பீட்டில்ஸ் நால்வரின் முகங்கள் உலகத்துக்கே தெரியும். பிங்க் ஃப்ளாய்டின் பாடல்களை மனப்பாடமாகப் பாடும் ரசிகர்களிலோ பலருக்கு, பாடியவர் எதிரே வந்து நின்றாலும் அடையாளம் தெரியாது. 1970க்குப் பின் வந்த இவர்களது ஸ்டுடியோ ஆல்பங்களின் முன்னட்டை எதிலும் குழுவினரின் முகம் கிடையாது. பசு, முப்பட்டகக் கண்ணாடி, அனல்மின் நிலையம், செங்கல் சுவர் ஆகியவைதான் இவர்களின் அடையாளம். இந்த முகமின்மை இவர்களுக்குப் பெரும் சுதந்திரத்தைத் தந்தது. குழுவின் பெயர் யாருக்குச் சொந்தம் என்ற வழக்குக்கு வித்திட்டதும் அதுதான்.

தொடக்கம்

வாட்டர்ஸ், ரைட், மேசன் மூவரும் லண்டன் ரீஜென்ட் ஸ்ட்ரீட் பாலிடெக்னிக்கில் கட்டடக்கலை மாணவர்கள். அங்கே பகுதிநேர ஆசிரியராக இருந்த மைக் லெனார்டின் ஹைகேட் வீட்டில் குடியிருந்துகொண்டு அங்கேயே ஒத்திகையும் பார்த்தார்கள். லெனார்டுக்கு ஒளியை வைத்துச் சோதனை செய்வதில் ஆர்வம். பிற்காலத்தில் இவர்களின் மேடையில் ஒளி ஒரு வாத்தியத்தைப் போலவே இயங்கியதன் வேர் அந்த வீட்டில் இருக்கிறது. வாட்டர்ஸுக்குக் கேம்பிரிட்ஜ் நாள்களிலிருந்தே தெரிந்த சிட் பாரெட், ஓவியம் படிக்க லண்டன் வந்து குழுவில் சேர்ந்தார்.

அதுவரை பல பெயர்களை மாற்றிப் பார்த்த குழு, ‘டீ செட்’ என்ற பெயரில் வாசித்துக்கொண்டிருந்தது. ஒரு நிகழ்ச்சியில் அதே பெயருள்ள இன்னொரு குழுவும் இருந்ததால், பாரெட் தம்மிடமிருந்த இசைத்தட்டுகள் வழியாக அறிந்த இரு அமெரிக்க ப்ளூஸ் கலைஞர்களின் முதற்பெயர்களை ஒட்டவைத்தார். கரோலினா பகுதியைச் சேர்ந்த பிங்க் ஆண்டர்சன், ஃப்ளாய்ட் கவுன்சில் ஆகியோரே அந்த இருவர். பின்னாளில் இசை நிறுவன அதிகாரிகள், உங்களில் பிங்க் யார் என்று குழுவினரிடமே விசாரித்தது உண்டு.

1966 டிசம்பரில் டாட்டன்ஹாம் கோர்ட் சாலையில் திறக்கப்பட்ட யு.எஃப்.ஓ. கிளப்பில் இவர்கள் நிரந்தர விருந்தினர்கள் ஆனார்கள். சுவரிலும் வாசிப்பவர்கள் மேலும் எண்ணெய்க் குமிழ்போல வண்ண ஒளி வழிந்தோட, ஒரே பாட்டு கால் மணி நேரம், அரை மணி நேரம் என்று நீளும். 1967இல் இ.எம்.ஐ. நிறுவனம் ஒப்பந்தம் செய்தது. முதல் சிங்கிளான ‘ஆர்னால்ட் லேன்’, கொடியில் காயும் பெண்களின் துணிகளைத் திருடும் ஒருவனைப் பற்றியது. ரேடியோ லண்டன் அதை ஒலிபரப்ப மறுத்தும் பிரிட்டிஷ் விற்பனைப் பட்டியலில் 20ஆம் இடத்தைத் தொட்டது. அடுத்து வந்த ‘சீ எமிலி ப்ளே’ 6ஆம் இடம். அவ்வாண்டு மே மாதம் குவீன் எலிசபெத் அரங்கில் நடந்த கச்சேரியில், ஒலியை அரங்கத்தின் நான்கு மூலைகளுக்கும் சுழற்றி அனுப்பும் கருவியைப் பயன்படுத்தினார்கள். முதல் ஆல்பமான ‘தி பைப்பர் அட் த கேட்ஸ் ஆஃப் டான்’, அபே ரோடு ஸ்டுடியோவில் பதிவானது. அதே கட்டடத்தில் அதே மாதங்களில் பீட்டில்ஸ் தங்கள் ‘சார்ஜென்ட் பெப்பர்’ ஆல்பத்தைப் பதிவுசெய்துகொண்டிருந்தார்கள்.

பாரெட்டின் விலகல்

முதல் ஆல்பத்தின் பாடல்களில் பெரும்பாலானவை பாரெட் எழுதியவை. மேடையில் கண்கள் தேடியதும் அவரைத்தான். அந்த ஆண்டு முடிவதற்குள் அவர் மனம் சிதைந்தது. எல்.எஸ்.டி. பழக்கம் காரணமா, உள்ளே ஏற்கெனவே இருந்த நோயை அது கிளறிவிட்டதா என்று இன்றும் வாதிடுகிறார்கள். மேடையில் ஒரே சுரத்தைத் திரும்பத் திரும்ப மீட்டிக்கொண்டிருப்பார். சில நாள் ஒன்றுமே வாசிக்காமல் நிற்பார். 1968 ஜனவரியில் அவருடைய கேம்பிரிட்ஜ் நண்பரான கில்மோரை ஐந்தாவது ஆளாகச் சேர்த்தார்கள். ஐவர் குழு சில வாரம்கூட நீடிக்கவில்லை. சவுத்தாம்ப்டன் கச்சேரிக்குப் புறப்பட்ட நாளில், போகிற வழியில் சிட்டை ஏற்றிக்கொள்ள வேண்டாம் என்று முடிவுசெய்தார்கள். ஒரு குழுவைத் தோற்றுவித்தவரை வெளியேற்றிய விதம் அவ்வளவுதான். முறையான அறிவிப்பு ஏப்ரலில் வந்தது. குழுவின் மேலாளர்களான பீட்டர் ஜென்னரும் ஆண்ட்ரூ கிங்கும், பாரெட் இல்லாத பிங்க் ஃப்ளாய்டுக்கு எதிர்காலம் இல்லை என்று கணித்து அவரோடு போய்விட்டார்கள்.

1970இல் பாரெட்டின் இரண்டு தனி ஆல்பங்கள் வெளிவந்தன. பிறகு கேம்பிரிட்ஜுக்குத் திரும்பி, ஓவியமும் தோட்டமுமாக, புகழைப் பற்றிய பேச்சையே தவிர்த்து 2006 ஜூலை 7 வரை வாழ்ந்தார்.

தேடலின் ஆண்டுகள்

பாட்டெழுத ஆளில்லாமல் போன குழு, நீண்ட வாத்திய இசையிலும் திரைப்பட இசையிலும் தன் வழியைத் துழாவியது. பசு மட்டும் நிற்கும் உறையுடன் வந்த ‘ஆட்டம் ஹார்ட் மதர்’ (1970) பிரிட்டனில் முதலிடம் பிடித்தது. அந்த உறையைச் செய்தவர்கள், ஸ்டார்ம் தார்கர்சனும் ஆப்ரி பவலும் நடத்திய ஹிப்னாசிஸ் வடிவமைப்பு நிறுவனத்தார். ஆல்பம் என்னவோ பிற்பாடு குழுவினருக்கே பிடிக்காமல் போனது. உண்மையான திருப்பம் ‘மெடில்’ (1971). அதன் ஒரு பக்கம் முழுவதையும் அடைத்துக்கொண்ட 23 நிமிட ‘எக்கோஸ்’, ரைட் பியானோவில் தட்டிய ஒற்றைச் சுரம் சுழலும் ஒலிபெருக்கி வழியாக வந்து கடலடி ஒலிபோல் கேட்டதிலிருந்து பிறந்தது. அதே ஆண்டு அக்டோபரில் இத்தாலியின் பொம்பெயி நகர இடிபாடுகளில், பார்வையாளர்களே இல்லாத பழைய ரோமானிய அரங்கில் இவர்கள் வாசித்ததை ஏட்ரியன் மேபன் படமாக்கினார். ராக் இசைப் படமென்றால் கூட்டத்தின் ஆரவாரம் என்றிருந்த காலத்தில் அது துணிச்சலான எண்ணம்.

தி டார்க் சைட் ஆஃப் த மூன்

பணம், காலம், சாவு, பைத்தியம் என்று மனிதனை நெருக்குகிறவற்றைப் பற்றிய ஒரே தொடர் படைப்பு என்பது வாட்டர்ஸின் யோசனை. பாடல் வரிகள் முழுவதையும் அவரே எழுதினார். வழக்கத்துக்கு மாறாக, பதிவுக்கு முன்பே, 1972 ஜனவரியிலிருந்து அதைக் கச்சேரிகளில் வாசித்து வாசித்துத் திருத்தினார்கள். 1973 மார்ச்சில் வெளியானபோது அதில் வீணான ஒரு நொடிகூட இல்லாததற்கு இதுவே காரணம் என்று சொல்லலாம்.

ஒலிகளைத் திரட்டிய விதமும் தனிக்கதை. ‘மணி’ பாட்டின் தொடக்கத்தில் காசு குலுங்கும் ஓசை, கல்லாப்பெட்டியின் ஓசை, காகிதம் கிழியும் ஓசை ஆகியவை வருகின்றன. அவற்றைப் பதிந்த டேப்பை அளந்து வெட்டி ஒட்டி, வளையமாகச் சுற்றவிட்டு ஏழெண்ணிக்கைத் தாளமாக்கினார்கள். ‘டைம்’ பாட்டில் ஒருசேர அலறும் கடிகாரங்கள், ஒலிப்பொறியாளர் ஆலன் பார்சன்ஸ் பழம்பொருள் கடையொன்றில் தனித்தனியாகப் பதிந்து வைத்திருந்தவை. இடையிடையே கேட்கும் பேச்சுக்குரல்களுக்காக வாட்டர்ஸ் அட்டைகளில் கேள்விகளை எழுதி, ஸ்டுடியோவில் கண்ணில் பட்டவர்களிடமெல்லாம் நீட்டினார்: சாவுக்குப் பயமா, கடைசியாக எப்போது கைநீட்டினீர்கள் என்பதுபோன்ற கேள்விகள். பால் மெக்கார்ட்னியும் பதில் சொன்னார். எச்சரிக்கையாகப் பேசிய அவருடைய பதில் பயன்படவில்லை. அபே ரோடு வாயிற்காவலரின் பதில்தான் ஆல்பத்தை முடித்துவைக்கிறது.

‘தி கிரேட் கிக் இன் த ஸ்கை’யில் ஒரு சொல்கூட இல்லாமல், கதறலும் கெஞ்சலும் அடங்கலுமாக ஒலிப்பது கிளேர் டோரியின் குரல். அன்று அவருக்குக் கிடைத்த கூலி 30 பவுண்டு. 2004இல் அவர் வழக்குத் தொடுத்தார். மறு ஆண்டு ஏற்பட்ட சமரசத்துக்குப் பின் ரைட்டுடன் இணை இசையமைப்பாளராக அவர் பெயரும் இடம்பெறுகிறது. முப்பது ஆண்டு தாமதமான நீதி.

அமெரிக்காவின் பில்போர்ட் பட்டியலில் இந்த ஆல்பம் முதலிடத்தில் இருந்தது ஒரே வாரம். ஆனால் 1973 முதல் 1988 வரை அந்தப் பட்டியலில் 741 வாரம் நிலைத்திருந்தது. உலகெங்கும் 4.5 கோடிப் பிரதிகள் விற்றிருக்கும் என்று மதிப்பிடுகிறார்கள்.

வெற்றிக்குப் பின்

நினைத்ததெல்லாம் கைகூடியபின் குழுவுக்குச் சொல்ல ஒன்றுமில்லாமல் போனது. அந்த வெறுமையையே பாட்டாக்கினார்கள். ‘விஷ் யூ வேர் ஹியர்’ (1975), இசை வணிகத்தின் மீதான கசப்பும் இல்லாத நண்பனைப் பற்றிய ஏக்கமும் கலந்தது. பாரெட்டை நினைத்து எழுதிய ‘ஷைன் ஆன் யூ கிரேஸி டயமண்ட்’ பாட்டின் வேலை நடந்துகொண்டிருந்த 1975 ஜூன் 5 அன்று, தலையையும் புருவத்தையும் மழித்த பருத்த ஆள் ஒருவர் அபே ரோடுக்குள் வந்து நின்றார். அது சிட் பாரெட் என்று உணர அவர்களுக்கு நேரம் பிடித்தது. உணர்ந்ததும் வாட்டர்ஸ் அழுதார்.

‘அனிமல்ஸ்’ (1977), சமூகத்தை நாய், பன்றி, ஆடு என்று பிரித்துச் சாடும் ஆல்பம். அதற்குரிய கவனம் இன்றுவரை கிடைக்கவில்லை என்பது இக்கட்டுரையாளரின் எண்ணம். உறைப்படத்துக்காக லண்டன் பேட்டர்சீ அனல்மின் நிலையத்தின் மேல் பறக்கவிட்ட ராட்சத ரப்பர் பன்றி 1976 டிசம்பர் 3 அன்று கயிறறுத்துக்கொண்டு, ஹீத்ரோ விமானங்களைக் கலங்கடித்துவிட்டு, கென்ட் மாவட்டப் பண்ணையில் விழுந்ததே அதிகம் பேசப்படுகிறது.

தி வால்

1977 ஜூலை 6. கனடாவின் மான்ட்ரியால் ஒலிம்பிக் அரங்கு. கூச்சலிட்டு மேடையை நெருங்கிய ரசிகர் ஒருவர்மீது வாட்டர்ஸ் காறித் துப்பினார். தம் செயலே தம்மை அதிரவைக்க, தமக்கும் கூட்டத்துக்கும் நடுவே சுவர் எழுப்பினால் என்ன என்று தோன்றிய எண்ணம் ‘தி வால்’ ஆனது. இரண்டாம் உலகப் போரில், 1944இல், இத்தாலியின் ஆன்ஸியோ போர்முனையில் அவருடைய தந்தை இறந்தபோது அவர் கைக்குழந்தை. அந்த இழப்பும் பள்ளிக்கூடக் கொடுமையும் புகழின் தனிமையும் செங்கல் செங்கலாக அதில் அடுக்கப்பட்டன.

பதிவு நடந்த சூழலும் இருண்டதுதான். முதலீடுகள் கவிழ்ந்து பெரும் கடன். பிரிட்டனில் அப்போது உச்ச வருமானவரி 83 சதவிகிதம். வரிக்குத் தப்ப நாட்டைவிட்டு வெளியேறி பிரான்சிலும் அமெரிக்காவிலும் பதிவு செய்தார்கள். ரைட்டை வாட்டர்ஸ் குழுவிலிருந்தே விலக வைத்தார். தயாரிப்பாளர் பாப் எஸ்ரின், ஒரு சிறு பாட்டுக்கு டிஸ்கோ தாளம் போடச் சொல்லி, இஸ்லிங்டன் கிரீன் பள்ளி மாணவர்கள் 23 பேரின் கோரஸையும் சேர்த்தார். அதுதான் ‘அனதர் பிரிக் இன் த வால்’ இரண்டாம் பகுதி. பிரிட்டனில் 1979 கிறிஸ்துமஸின் முதலிடப் பாட்டு. மறு ஆண்டு தென்னாப்பிரிக்காவில் இனவெறிக் கல்விமுறையை எதிர்த்து வகுப்பைப் புறக்கணித்த கறுப்பின மாணவர்கள் அதைப் பாட, அந்நாட்டு அரசு பாட்டைத் தடை செய்தது. பாடிய லண்டன் பிள்ளைகளின் பள்ளிக்குக் கிடைத்தது 1,000 பவுண்டு.

மேடை வடிவம் லாஸ் ஏஞ்சல்ஸ், நியூயார்க் அருகே யூனியன்டேல், லண்டன், டார்ட்முண்ட் ஆகிய நான்கே ஊர்களில் நடந்தது. நிகழ்ச்சி நடக்க நடக்க அட்டைச் செங்கற்களால் சுவர் எழும்பி, இடைவேளையில் குழுவினரை முற்றிலும் மறைத்துவிடும். முகமில்லாத குழு இதற்குமேல் எங்கே போக முடியும்? செலவு வரவை விழுங்கியது. பங்குதாரர்கள் மூவரும் நஷ்டப்பட, சம்பளத்துக்கு வாசித்த ரைட் மட்டும் லாபத்துடன் வீடு திரும்பினார்.

வழக்கும் பிரிவும்

‘தி ஃபைனல் கட்’ (1983) பெயரளவில் மட்டுமே குழுவின் ஆல்பம். எழுதியது வாட்டர்ஸ், நிகழ்த்துவது பிங்க் ஃப்ளாய்ட் என்று உறையிலேயே போட்டார்கள். 1985 டிசம்பரில் வாட்டர்ஸ் விலகினார். தம்மோடு குழுவும் முடிந்தது என்று நினைத்தார். கில்மோரும் மேசனும் அப்படி நினைக்கவில்லை. 1986இல் வாட்டர்ஸ் நீதிமன்றம் போனார். 1987 டிசம்பரில் தேம்ஸ் நதியில் நிற்கும் கில்மோரின் படகு ஸ்டுடியோவான ‘அஸ்டோரியா’வில் சமரசம் எழுதப்பட்டது: பெயர் கில்மோர், மேசன் பக்கம், ‘தி வால்’ உரிமை வாட்டர்ஸ் பக்கம். அதற்குள் ‘எ மொமன்ட்டரி லாப்ஸ் ஆஃப் ரீசன்’ வெளிவந்து, ரைட்டும் திரும்பி, புதிய அணி பெரிய மைதானங்களை நிரப்பிக்கொண்டிருந்தது. வாட்டர்ஸின் தனிக் கச்சேரிகளுக்கோ அவ்வளவு கூட்டமில்லை. பாடலாசிரியரைவிடப் பெயர் வலியது என்று சந்தை காட்டிய தருணம் அது.

1989 ஜூலையில் வெனிஸ் நகரில் மிதவை மேடையில் நடந்த கச்சேரிக்கு இரண்டு லட்சம் பேர் திரண்டு, நகரம் குப்பைக்காடாகி, மாநகர நிர்வாகம் பதவி விலகியது. ‘தி டிவிஷன் பெல்’ (1994) வெளியானதும் நடந்த கச்சேரிப் பயணமே கடைசி. 2005 ஜூலை 2 அன்று லண்டன் ஹைட் பார்க்கில் நடந்த ‘லைவ் 8’ நிகழ்ச்சிக்காக, அதன் ஏற்பாட்டாளர் பாப் கெல்டாஃபின் வற்புறுத்தலால், வாட்டர்ஸ் உள்ளிட்ட நால்வரும் 24 ஆண்டுகளுக்குப் பின் ஒரே மேடையேறினர். மீண்டும் அது நடக்க வாய்ப்பில்லாமல் ரைட் 2008இல் காலமானார். அவர் வாசித்து வைத்திருந்த பதிவுகளைக் கொண்டு ‘தி எண்ட்லெஸ் ரிவர்’ (2014) உருவானது. 2022இல் உக்ரைன் பாடகர் ஆந்திரி க்லிவ்னியூக்கின் குரலை வைத்து கில்மோரும் மேசனும் வெளியிட்ட நிதி திரட்டும் பாட்டே பிங்க் ஃப்ளாய்ட் என்ற பெயரில் வந்த கடைசிப் புதுப் பாட்டு.

2024 அக்டோபரில், ஒலிப்பதிவுகளையும் குழுவின் பெயரையும் பயன்படுத்தும் உரிமையை சோனி நிறுவனம் சுமார் 40 கோடி டாலருக்கு வாங்கியதாகச் செய்தி வெளியானது. பணத்தைவிட, ஓயாத சச்சரவுகளிலிருந்து விடுபடுவதே தமக்கு முக்கியம் என்று கில்மோர் சொல்லியிருந்தார். பாடல்களை எழுதி இசையமைத்தவர்களின் உரிமை அந்த விற்பனையில் சேரவில்லை.