அடுப்பும் விசிறியும்: ஓரகடத்து அறைகளை முன்வைத்து

வீட்டைக் குளிர்ச்சியாக வைத்துக்கொள்வது எப்படி என்று கோடைதோறும் பெண்கள் பத்திரிகைகள் எழுதுகின்றன. அடுப்பைத் தவிருங்கள், ரைஸ் குக்கரில் வையுங்கள், இண்டக்‌ஷனில் முடித்துவிடுங்கள் என்ற யோசனை அவற்றில் தவறாமல் இருக்கும். யோசனை தப்பில்லை. ஆனால் அந்த யோசனை தனக்குள் ஒரு வீட்டைக் கட்டிவைத்திருக்கிறது: சமையலறை ஒரு பக்கம், படுக்கிற அறை இன்னொரு பக்கம், நடுவில் ஒரு கதவு. ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஓரகடம் வரை ஆலைகளைச் சுற்றி முளைத்திருக்கும் லைன் வீடுகளில் அந்தக் கதவு கிடையாது. அடுப்புக்கும் பாய்க்கும் நடுவே இரண்டு முழம் இருந்தால் அதிகம்.

போன கத்திரி வெயிலில் சுங்குவார்சத்திரத்துப் பக்கம் என் சித்தி மகள் இருக்கும் அறையில் நான்கு நாள் தங்கினேன். பத்துக்குப் பத்து, மேலே சிமெண்ட் ஷீட், நான்கு பெண்கள், இரண்டு ஷிப்ட். நைட் ஷிப்ட் முடித்து வந்தவள் ரைஸ் குக்கரில் அரிசியைக் களைந்து போட்டாள். நான் பழக்கதோஷத்தில் எழுந்து போய் விசிறியை நிறுத்தினேன்.

“ஃபேன ஏங்க்கா நிறுத்துற? இதுல நெருப்பு ஏது?” என்றாள்.

அந்த நிமிடம்தான் எனக்கு உறைத்தது. கேஸ் அடுப்பென்றால் காற்றில் சுடர் ஆடும், அணைந்தால் வாயு கசியும். ஆகவே சமைக்கிறவள் விசிறியை நிறுத்திவிட்டுத்தான் பற்றவைக்கிறாள். வீட்டில் எந்த உடலுக்குக் காற்று அதிகம் வேண்டுமோ அந்த உடலுக்கு, வேண்டிய நேரம் பார்த்து, காற்று மறுக்கப்படுகிறது. நான் இருபது வருஷமாகச் சமைக்கிறேன். இதை ஒரு விஷயமாகவே நினைத்ததில்லை.

இதன் பௌதிகம் எளியதுதான். சிறிய ரைஸ் குக்கர் இழுப்பது 500 வாட் அளவு. ஒரு கேஸ் பர்னர் உமிழ்வது அதைப்போல மூன்று, நான்கு மடங்கு. அதில் கணிசமான பங்கு பாத்திரத்தின் ஓரமாக வழிந்து அறைக்குள் போய்விடுகிறது. மேலும் ஒரு கிலோ எல்.பி.ஜி. எரிந்தால் ஒன்றரைக் கிலோவுக்கும் மேல் நீராவி உண்டாகிறது. ஏற்கெனவே கசகசக்கும் காற்றில் அது வியர்வையை உலரவிடாது. மின்சாதனம் சூட்டை ஒழித்துவிடுகிறது என்றும் சொல்ல முடியாது. பானைக்குள் போன சூடும் கடைசியில் அறைக்குள்தான் வந்தாக வேண்டும். வழிந்து வீணாவது குறைகிறது, விசிறி ஓடுகிறது, அவ்வளவுதான். பத்துக்குப் பத்து அறையில் அந்த அவ்வளவு பெரிசு.

அடுப்புச் சூட்டை யார் மேல் இறக்குவது என்பதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. எங்கள் ஊரில் கோடை வந்தால் அடுப்பு புறக்கடைக்குப் போய்விடும். மூன்று கல், வேப்பமர நிழல். ஒண்டுக்குடித்தனத்தில் புறக்கடை ஏது? மண்ணெண்ணெய் ஸ்டவ் உள்ளே வந்தது. ‘ஸ்டவ் வெடித்து இளம்பெண் சாவு’ என்பது 1980களின் நாளிதழ்களில் வழக்கமான தலைப்பாகவே ஆகிவிட்டது. அந்தத் தலைப்புக்குள் எத்தனை வரதட்சணைக் கொலைகள் ஒளிந்துகொண்டன என்பது தனியே எழுத வேண்டியது.

பிறகு அரசு அடுப்படிக்குள் வந்தது. 2006இல் ஆட்சிக்கு வந்த தி.மு.க. அரசு இலவச கேஸ் அடுப்பு தந்தது. 2011 செப்டம்பர் 15 அன்று ஜெயலலிதா அரசு மிக்சி, கிரைண்டர், மின்விசிறி தரத் தொடங்கியது. இலவசம் என்று எள்ளி நகையாடும் நடுத்தர வர்க்கச் சொல்லாடலில் எனக்கு உடன்பாடில்லை. அம்மியிலிருந்தும் ஆட்டுக்கல்லிலிருந்தும் கைகளை விடுவித்தது சின்ன காரியமா? ஆனால் இவையெல்லாம் குடும்ப அட்டையின் வழியே வந்தன. அரசின் பார்வையில் சமைப்பது குடும்பம். திருவண்ணாமலையிலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ வந்து நான்கு பேராகச் சேர்ந்து ஓர் அறையை எடுக்கிற பெண்கள் குடும்பமில்லை. என் தங்கையின் இலவச மிக்சி ஊரில் சித்தியிடம் இருக்கிறது.

இடையில் 2012ஐயும் சொல்லியாக வேண்டும். அந்த செப்டம்பரில் மத்திய அரசு மானிய சிலிண்டரை ஆண்டுக்கு ஆறு என்று வெட்டியது (பின்னர் ஒன்பது, பன்னிரண்டு என்று ஏற்றினார்கள்). ஜனங்கள் இண்டக்‌ஷன் அடுப்பு வாங்க ஓடினார்கள். அதே மாதங்களில் சென்னைக்கு வெளியே பல ஊர்கள் நாளில் பத்து மணி நேரத்துக்கும் மேலாக மின்வெட்டில் கிடந்தன. எங்கள் வீட்டில் அந்த அடுப்பின்மேல் பழைய பேப்பர் அடுக்கி வைத்திருந்தோம்.

இப்போது கரண்ட் இருக்கிறது. 2016 மேயில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசமானது. ஆனால் லைன் வீட்டில் இணைப்பு ஓனர் பேரில் இருக்கும், அறைக்கு சப்-மீட்டர், யூனிட் என்ன விலை என்பதை ஓனரம்மா சொல்வார். இண்டக்‌ஷன் கூடவே கூடாது என்பதும் அவருடைய சட்டம், வயரிங் தாங்காதாம். 1,800 வாட் இழுக்கும் அடுப்பை அந்த வயரில் மாட்டினால் உருகிவிடும் என்பதும் நிஜம்தான். வயரை மாற்றுவது யார் பொறுப்பு என்கிற பேச்சை மட்டும் யாரும் எடுப்பதில்லை. ஆகவே சோறு, குழம்பு, முட்டை எல்லாமே அந்த ஒற்றைக் குக்கரில்.

விடுதி என்றால் அதுவும் இல்லை. நான் பார்த்த விடுதிகளின் விதிப் பலகையில் ‘அறையில் சமைக்கக் கூடாது’ என்பது முதல் மூன்று வரிக்குள் இருந்தது. அங்கே அடுப்பு ஒப்பந்தக்காரருடையது. 2021 டிசம்பரில் ஃபாக்ஸ்கான் ஆலைப் பெண்கள் தங்கியிருந்த பூந்தமல்லிப் பக்கத்து விடுதியொன்றில் சாப்பாடு நஞ்சாகி 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். பெண்கள் பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். மூடிய ஆலை 2022 ஜனவரி 12 அன்றுதான் திறந்தது. உணவின் தரம் குறித்த பிரச்சினையாக மட்டுமே அது வாசிக்கப்பட்டது. தன் வாய்க்குள் போவதைத் தானே வேகவைத்துக்கொள்ளும் உரிமை ஏற்கெனவே பிடுங்கப்பட்டிருந்தது என்பதை, எனக்குத் தெரிந்த தோழர்கள்கூடப் பேசவில்லை. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண்களுக்கான விடுதி திறக்கப்பட்டது. 706 கோடி ரூபாய்க் கட்டடம், ஓர் அறைக்கு ஆறு பேர். முன்பிருந்ததைவிட நிச்சயம் மேல். நமது கேள்வி அங்கேயும் அப்படியே இருக்கிறது.

என் தங்கை விடுதியை விட்டு லைன் வீட்டுக்கு வந்ததே குக்கருக்காகத்தான். ஷீட்டின் கீழே சூடு அதிகம், பணமும் அதிகம். அன்றைக்குக் குக்கரைப் போட்டுவிட்டு விசிறிக்கு நேர் கீழே பாயை இழுத்துப் போட்டுப் படுத்தாள்.

“வெந்ததும் அதுவே நின்னுக்கும்” என்றாள் கண்ணை மூடிக்கொண்டு.

“நடுவுல கரண்ட் போயிட்டா?”

“வெயில்ல கடைக்குப் போவணும். வேற என்னா பண்றது?”