பொட்டலத்தில் ‘பெரிசா’ என்று இருந்தால் என்ன பொருள்?

பங்சார் பேரங்காடியில் வாங்கும் பிஸ்கட் ஆனாலும் கிள்ளான் மளிகைக் கடையில் வாங்கும் உடனடி மீ ஆனாலும், பொட்டலத்தின் பின்புறம் சிறிய எழுத்தில் ‘பெரிசா’ என்ற மலாய்ச் சொல்லைக் காணலாம். சுவையூட்டி சேர்க்கப்பட்டுள்ளது என்பதே அதன் பொருள். ஆனால், அந்தச் சுவை எதிலிருந்து எடுக்கப்பட்டது என்பதை அச்சொல் மட்டும் சொல்லிவிடாது. சைவ உணவு உண்பவர்களும் மாட்டிறைச்சியைத் தவிர்ப்பவர்களும் ஒவ்வாமை உள்ள பிள்ளைகளின் பெற்றோரும் இதைத் தெரிந்துகொள்வது அவசியம்.

சட்டம் என்ன சொல்கிறது?

நம் நாட்டில் உணவுக்கான விதிகள் 1983ஆம் ஆண்டு உணவுச் சட்டத்திலும், அதன்கீழ் வந்த 1985ஆம் ஆண்டு உணவு விதிமுறைகளிலும் உள்ளன. இவற்றைச் சுகாதார அமைச்சு அமல்படுத்துகிறது. விதிமுறை 22 சுவையூட்டிகளையும், விதிமுறை 23 சுவைமிகுப்பிகளையும் பற்றியது. சுவையூட்டி புதுச் சுவையையோ மணத்தையோ தருவது. சுவைமிகுப்பி உணவில் ஏற்கெனவே உள்ள சுவையைத் தூக்கிக் காட்டுவது. நம் வீடுகளில் ‘அஜினோமோட்டோ’ என்று சொல்லப்படும் மோனோசோடியம் குளுட்டமேட் இரண்டாவது வகை. அதன் எண் 621.

உடலுக்குக் கேடான பொருள் கலந்த உணவைத் தயாரிப்பதும் விற்பதும் சட்டத்தின் 13ஆம் பிரிவின்படி குற்றம். 100,000 ரிங்கிட் வரை அபராதம், 10 ஆண்டு வரை சிறை அல்லது இரண்டும் விதிக்கப்படலாம்.

இயற்கை என்றால் நல்லதா?

அப்படிச் சொல்ல முடியாது. சசஃப்ராஸ் மரத்தின் வேர் எண்ணெயில் இயற்கையாகவே உள்ள சஃப்ரோல், ஆய்வில் எலிகளின் கல்லீரலில் கட்டிகளை உண்டாக்கியதால், அமெரிக்கா 1960இல் அதை உணவில் சேர்க்கத் தடை விதித்தது. மறுபுறம், வெனிலாவின் மணப்பொருளான வெனிலின் 1874இலேயே செயற்கையாகத் தயாரிக்கப்பட்டது. கொடியில் விளைந்த வெனிலினும் ஆலையில் செய்த வெனிலினும் வேதியியலில் ஒன்றுதான்.

எதைக் கட்டாயம் எழுத வேண்டும்?

சுவையூட்டியைப் பொறுத்தவரை, அனுமதிக்கப்பட்ட சுவையூட்டி உள்ளது என்று குறிப்பிட்டால் பொதுவாகப் போதும். ஆனால், சில விவரங்களை மறைக்கவே முடியாது:

• மாட்டிறைச்சி, பன்றி இறைச்சி, அவற்றிலிருந்து பெறப்பட்டவை, பன்றிக் கொழுப்பு
• சேர்க்கப்பட்ட மதுசாரம்
• ஒவ்வாமை தரக்கூடியவை: கோதுமை போன்ற குளுட்டென் தானியங்கள், நிலக்கடலையும் சோயாவும் உட்பட்ட கொட்டை வகைகள், மீன், பால், முட்டை

கோழிக்கும் இறாலுக்கும் மாட்டிறைச்சிக்கு உள்ளதுபோல் தனி எச்சரிக்கை வாசகம் கிடையாது. எனவே, சைவ உணவு உண்பவர்கள் மூலப்பொருள் பட்டியலை முழுவதும் படிக்க வேண்டும். ஹலால் முத்திரையைச் சைவ முத்திரையாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஹலால் முறைப்படி பெறப்பட்ட கோழிச் சாறும் மாட்டு ஜெலட்டினும் ஹலால்தான்.

தெரிந்திருக்க வேண்டிய மலாய்ச் சொற்கள்

உள்நாட்டில் தயாராகும் உணவின் விவரங்கள் மலாயில் இருக்க வேண்டும். இறக்குமதி உணவுக்கு மலாய் அல்லது ஆங்கிலம். தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்த தோட்டத்துப் பெரியவர்களுக்குப் பிள்ளைகள் இச்சொற்களைச் சொல்லித்தரலாம்: மெங்கண்டுங்கி (கொண்டுள்ளது), பெனாம்பா பெரிசா (சுவைமிகுப்பி), தீருவான் (செயற்கை), ஆயாம் (கோழி), லெம்பு (மாடு), பாபி (பன்றி), ஊடாங் (இறால்), இக்கான் (மீன்).

631 என்ற எண்ணையும் கவனியுங்கள். டைசோடியம் இனோசினேட் எனும் இந்தச் சுவைமிகுப்பியை நொதிக்கவைத்தும் தயாரிக்கலாம், இறைச்சி அல்லது மீனிலிருந்தும் எடுக்கலாம். எண்ணை வைத்து மட்டும் முடிவுசெய்ய இயலாது. தயாரிப்பாளரிடம் கேட்பதே வழி.

பிரிக்பீல்ட்ஸ் கடைகளில் கிடைக்கும் இந்தியப் பொருள்களில் சதுரத்துக்குள் பச்சை வட்டம் இருந்தால் அது சைவம். இந்திய விதிப்படி செயற்கைச் சுவையூட்டியின் பெயரையும் குறிப்பிட வேண்டும்.

பசார் மாலாமில் பொட்டலமின்றி விற்கப்படும் பலகாரத்திலும் வண்ணப் பானத்திலும் படித்துப் பார்க்க எதுவும் இருக்காது. அங்கே விற்பவரிடம் கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

புகார் செய்ய

விவரம் இல்லாத, அல்லது பொய்யான விவரம் கொண்ட பொட்டலத்தைக் கண்டால் வீசிவிடாதீர்கள். பொட்டலத்தையும் ரசீதையும் பத்திரப்படுத்தி, உங்கள் வட்டாரச் சுகாதார அலுவலகத்தில் புகார் கொடுங்கள். வாங்கிய கடை, தேதி, தயாரிப்பாளர் முகவரி ஆகியவற்றையும் குறிப்பிட்டால் அதிகாரிகள் விசாரிப்பது எளிதாகும்.