மெஸ்மரைஸ் ஆனோம் என்ற தம்பிக்கு



போன வாரம் பழைய மாணவர் சந்திப்பில் ஒரு தம்பி மைக்கைப் பிடித்து, "சார் பாடம் நடத்தினா அப்படியே மெஸ்மரைஸ் ஆயிடுவோம்" என்றான். ஒரே கைதட்டல். எனக்கும் உள்ளூரச் சந்தோஷம்தான். வீட்டுக்கு வந்த பிறகுதான் வரலாற்று வாத்தியார் புத்தி குடைய ஆரம்பித்தது.

அந்தச் சொல்லுக்குள் ஒரு மனிதர் இருக்கிறார். பிரான்ஸ் ஆன்டன் மெஸ்மர், வியன்னாவில் மருத்துவம் பார்த்தவர். 1778-ல் பாரிஸ் வந்தார். கண்ணுக்குத் தெரியாத ஒரு திரவம் எல்லா உடம்பிலும் ஓடுகிறது, அது தடைபட்டால் நோய் வரும், தன்னால் அதைச் சரிசெய்ய முடியும் என்றார். பெரிய தொட்டி, அதிலிருந்து நீளும் இரும்புக் கம்பிகள், சுற்றிலும் நோயாளிகள், கூடவே இசை. சிலருக்கு உடம்பு வெட்டி இழுத்தது. பலர் குணமானதாகச் சொன்னார்கள். கோயில் கொடையில் சாமியாட்டம் பார்த்த நமக்கு இது புதிதில்லை.

1784-ல் மன்னர் பதினாறாம் லூயி விசாரணைக் குழு போட்டார். பெஞ்சமின் பிராங்க்ளின், லவாய்சியே, வானியலாளர் பெய்லி, டாக்டர் கில்லட்டின் எல்லாரும் அதில் இருந்தார்கள். (பத்தே வருடத்துக்குள் லவாய்சியேவும் பெய்லியும் அந்தக் கில்லட்டின் பெயர் கொண்ட இயந்திரத்தில்தான் தலை கொடுத்தார்கள்.) பிராங்க்ளின் வீட்டுத் தோட்டத்தில் மெஸ்மரின் சீடர் ஒரு மரத்துக்கு மட்டும் 'சக்தி' ஏற்றினார். 12 வயதுப் பையன் ஒருவனைக் கண்ணைக் கட்டி வேறு மரங்களிடம் அழைத்துப்போனார்கள். நாலாவது மரத்தடியில் பையன் மயங்கி விழுந்தான். சக்தி ஏற்றிய மரமோ தூரத்தில் நின்றது!

திரவமும் இல்லை, ஒன்றும் இல்லை, எல்லாம் கற்பனையின் வேலை என்று குழு எழுதிவிட்டது. ஆனால் பையன் மயங்கியது நிஜம். 1845-ல் வங்காளத்தின் ஹூக்ளியில் டாக்டர் எஸ்டெய்ல் இந்த முறையில் நோயாளிகளை மயக்கி அறுவைச் சிகிச்சையே செய்தார். காலப்போக்கில் 'ஹிப்னாடிசம்' என்ற சொல் மருத்துவப் பொருளை எடுத்துக்கொண்டது. மெஸ்மர் பெயரில் பிறந்த வினைச்சொல்லுக்கு, சொக்கிப்போக வைப்பது என்ற பொருள்தான் மிஞ்சியது.

அதனால்தான் கொஞ்சம் உறுத்துகிறது. இத்தனை வருடம் உங்களைப் பிடித்து வைத்தது பாடமா, என் குரலும் கையாட்டலுமா? நீங்களும் வேறு மரத்தடியில் மயங்கினீர்களோ?

தம்பி, மூன்றாம் பானிபட் போர் எந்த ஆண்டு, யாருக்கும் யாருக்கும்? கமெண்டில் எழுது. கூகுள் பார்க்கக் கூடாது.